மார்பகப் புற்றுநோய்: இரு நெறிகளின் வரலாறு

பகைவனுடைய கோட்டையைக் கைப்பற்ற எண்ணும் வேந்தனுக்கு இரண்டு வழிகள் உண்டு. கோட்டைக்குட் செல்லும் உணவைத் தடுத்து உள்ளிருப்போரைச் சோர்வடையச் செய்தல் ஒன்று. படையை ஏவி மதிலைத் தகர்த்தல் மற்றொன்று. மார்பகப் புற்றுநோயோடு மனிதன் நடத்திவரும் போரிலும் இவ்விரு வழிகளையே நாம் காண்கின்றோம். நோய்க் கலங்களை வளர்க்கும் பொருளை ஆக்கித்தரும் நொதியங்களை முடக்கி, அக்கலங்களைப் பட்டினி போடுவது முதலாவது நெறி. உடலில் இயல்பாக அமைந்த காவற்படையாகிய நிர்ப்பீடன ஆற்றலைத் தூண்டி, அதனைக் கொண்டே நோயை அழிப்பது இரண்டாவது நெறி.

இந்நெறிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே தோன்றின. ஆயினும் ஒருவரையொருவர் அறியாத உடன்பிறந்தார் போல அவை நூறாண்டுகள் தனித்தனியே வளர்ந்தன. இன்று அவற்றை இணைத்து நோயைத் தீர்க்கவும், வருமுன் காக்கவும் இயலுமா என்ற வினா எழுந்துள்ளது. இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் முதலில் வரலாற்றை நோக்குதல் வேண்டும். புதுமை என்று பேசப்படுவனவற்றுட் பல பழையன என்பதையும், நல்லன என்று தோன்றியவை யாவும் சோதனையில் நல்லனவாக முடியவில்லை என்பதையும் அவ்வரலாறு நமக்குக் காட்டும்.

முதலாவது நெறியின் தோற்றம்

முதலாவது நெறிக்கு வித்திட்டவர் சேர் ஜோர்ஜ் தோமஸ் பீற்சன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். இவர் 1848 ஆம் ஆண்டில் நமது திருகோணமலையிற் பிறந்தவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். இராணுவ வைத்தியரின் மைந்தராகிய இவர், எடின்பரோவிற் கற்றுப் பின்னர் கிளாஸ்கோ நகரிலே தொழில் புரிந்தார். இளமையில் இவர் தமது பட்டத்துக்கென எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் புற்றுநோயன்று. தாய்ப்பால் சுரக்கும் விதமே அது. கன்றீன்ற பசுவின் சூலகங்களை அகற்றிவிட்டால் அது நெடுங்காலம் பால் கறக்கும் என்று சில நாட்டு மந்தைக்காரர் கண்டிருந்தனர். எங்கோ உள்ள சூலகம் மார்பின் தொழிலை ஆளுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. அவ்வாறாயின், மார்பிலே தோன்றும் புற்றையும் சூலகமே ஆளக்கூடுமன்றோ என்று பீற்சன் சிந்தித்தார்.

1895 ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நோய் மீண்டு பரவிய 33 வயதுப் பெண்ணொருவரின் சூலகங்களை அவர் அகற்றினார். அப்பெண்மணிக்கு வேறு வைத்தியம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. சில திங்களுள் கட்டிகள் கரைந்தன. அவர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். பீற்சன் இச்செய்தியை 1896 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் வைத்திய ஏட்டில் வெளியிட்டார். ஓமோன் என்ற சொல்லே அக்காலத்தில் வழங்கவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மாட்டுத் தொழுவத்தில் எழுந்த அறிவை இகழாது ஏற்று, அதனை நோயாளியின் படுக்கை வரை கொண்டுசென்ற பெருமை இவருக்கு உரியது.

ஆனால், இச்சிகிச்சை எல்லோருக்கும் பலிக்கவில்லை. 1900 ஆம் ஆண்டில் ஸ்ரான்லி போய்ட் என்பார் அதுவரை நடந்த சத்திரசிகிச்சைகளைத் தொகுத்து நோக்கியபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே பயனடைந்தமை தெரியவந்தது. எஞ்சிய இரு பங்கினருக்கு ஏன் பயனில்லை? இவ்வினா அரை நூற்றாண்டுக்கு மேலாக விடையின்றிக் கிடந்தது.

இரண்டாவது நெறியின் தோற்றம்

இனி, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நிகழ்ந்ததைக் காண்போம். நியூயோர்க் நகரில் வில்லியம் கோலி என்னும் இளம் வைத்தியரிடம் 17 வயது நங்கையொருத்தி கையிலே தோன்றிய கொடிய கட்டியோடு வந்தாள். கையை வெட்டியும் பயனில்லை. 1891 ஆம் ஆண்டு தைத் திங்களில் அவள் இறந்தாள். அத்துயரம் கோலியின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பழைய வைத்தியசாலைப் பதிவேடுகளை அவர் புரட்டலானார். கழுத்திலே பெருங்கட்டியுடையவராயிருந்த ஒருவருக்கு, தோல் சிவந்து கடுங்காய்ச்சல் காயும் எரிசிபெலசு நோய் தொற்றியதென்றும், அந்நோய் நீங்கியபோது கட்டியும் மறைந்ததென்றும் அங்கே எழுதப்பட்டிருந்தது. கோலி அம்மனிதரைத் தேடி நகரத்துச் சேரிகளில் அலைந்து, அவர் நலமாயிருக்கக் கண்டார்.

அவ்வாண்டிலேயே அவர் அக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளைப் புற்றுநோயாளருக்கு வேண்டுமென்றே ஏற்றினார். பின்னர் உயிருள்ள கிருமிகளை விடுத்துக் கொல்லப்பட்ட கிருமிகளைப் பயன்படுத்தினார். சிலர் வியக்கத்தக்க வகையிற் குணமடைந்தனர். வேறு சிலர் துன்புற்றனர். மருந்தின் செய்முறையும் அளவும் ஒழுங்காக அமையாமையால் பிறர் அதே பயனைக் காண இயலவில்லை. கதிர்ச் சிகிச்சை ஓங்கவே, 1936 இற் கோலி மறையுமுன்னரே அவர் முறை மங்கிவிட்டது. அவருடைய மகள் ஹெலன் கோலி நோற்ஸ் தந்தையாரின் குறிப்புகளைத் தொகுத்து, 1953 இற் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகமொன்றை நிறுவி, அவ்விளக்கு அணைந்துபோகாது காத்தார்.

ஓமோனிலிருந்து நொதியத்துக்கு

இந்த இடைக்காலத்தில் முதலாவது நெறி பல படிகள் ஏறியது. 1923 இல் எட்கார் அலன், எட்வேட் டொய்சி ஆகிய இரு அமெரிக்கர் சூலகத்து ஓமோனின் செயலை நிலைநாட்டினர். ஈஸ்திரசன் எனப்படும் அவ்வோமோன்களுள் ஒன்று 1929 இல் தூயதாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1958 அளவிற் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன், கதிர்த்தொழிற்பாடுடைய ஐதரசனால் அடையாளமிடப்பட்ட ஈஸ்திரசனைக் கொண்டு ஆராய்ந்து, அதனைப் பற்றிக்கொள்ளும் 'வாங்கி' என்னும் புரதம் சில கலங்களில் மட்டும் உண்டென்று காட்டினார். பூட்டில்லாத கதவுக்குத் திறவுகோலாற் பயனில்லை அன்றோ? வாங்கி இல்லாத புற்றுக்கு ஈஸ்திரசனை நீக்குவதாற் பயனில்லை. போய்ட் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

வேறொரு புதிரும் இருந்தது. மாதவிடாய் நின்று சூலகம் ஓய்ந்த முதியோருக்கும் ஈஸ்திரசனால் வளரும் புற்று உண்டாகின்றதே, அது எங்கிருந்து வருகின்றது? சிறுநீரகங்களின் மேலமைந்த அதிரீனற் சுரப்பிகள் ஆண்மைக்குரிய ஓமோன்களைச் சிறிதளவு சுரக்கின்றன. கொழுப்பிழையத்திலும் தசையிலும், சிலவேளை புற்றிலுமே உள்ள அரோமற்றேசு என்னும் நொதியம் அவற்றை ஈஸ்திரசனாக மாற்றுகின்றது. இதன் முழு விவரமும் தெளிவாகுமுன், 1950 களின் தொடக்கத்தில் சாள்ஸ் ஹகின்ஸ் என்பார் அதிரீனற் சுரப்பிகளையே வெட்டியெடுத்துச் சிலருக்கு நன்மை கண்டார். ஆனால் அது நோயாளரை வாழ்நாள் முழுவதும் மாற்று ஓமோன்களில் தங்கியிருக்கச் செய்த கடுஞ் சிகிச்சை.

கத்தி செய்ததை மருந்து செய்யலாமா? 1960 இல் வலிப்பு நோய்க்கென விற்பனைக்கு வந்த அமினோகுளுத்தெதிமைட் என்னும் மருந்து, அதிரீனற் சுரப்பியை ஒடுக்குகின்றதென அறிந்து 1966 இற் கைவிடப்பட்டது. அக்குறையே பின்னர் குணமாயிற்று. ரிச்சட் சான்ரன் முதலியோர் அதனைப் புற்றுநோய்க்குக் கொடுத்து, சுரப்பியை வெட்டியெடுப்பதற்கு ஈடான பயன் கிட்டுவதை 1981 இற் காட்டினர். எனினும் அம்மருந்து பல நொதியங்களை ஒருங்கே தாக்கியதால் தூக்கக் கலக்கமும் வேறு தொல்லைகளும் நேர்ந்தன.

அரோமற்றேசை மட்டும் முடக்கும் மருந்தைத் தேடியவர் அஞ்சலா புரோடி என்னும் பெண்மணி. இங்கிலாந்திற் பிறந்த இவர், அமெரிக்காவிலே தம் கணவர் ஹரி புரோடியுடன் 1970 களில் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். அப்பொழுது தமொக்சிபென் என்னும் மருந்தே எங்கும் பேசப்பட்டது. கருத்தடைக்கென 1962 இற் டோரா ரிச்சட்சன் என்னும் இரசாயன அறிஞர் இங்கிலாந்தில் ஆக்கிய அம்மருந்து, ஈஸ்திரசனின் வாங்கியை அடைத்து நிற்பது, நொதியத்தை முடக்குவதன்று. நல்ல மருந்து ஒன்று இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று எண்ணியவர் பலர். புரோடி அம்மையார் தளரவில்லை. இலண்டனில் சாள்ஸ் கூம்ஸ் முதலானோரின் துணையோடு அவர் கண்ட மருந்து நோயாளருக்குக் கொடுக்கப்பட்டு, 1984 இல் அதன் பயன் வெளியாயிற்று. 1990 களின் பிற்பகுதியில் அனஸ்திரசோல், லெற்றசோல், எக்செமெஸ்தேன் என்னும் குளிகைகள் அடுத்தடுத்து வந்தன. இன்று மாதவிடாய் நின்ற மாதரின், ஈஸ்திரசன் வாங்கியுடைய புற்றுக்கு இவை முதன்மை மருந்துகளாக விளங்குகின்றன. 2005 இற் கெற்றறிங் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியாகிய புரோடி அம்மையார் 2017 இல் மறைந்தார்.

வருமுன் காத்தல்

நோயைத் தீர்க்கும் மருந்து நோய் வராமலும் காக்குமா? அமெரிக்காவில் 13,388 மாதர் பங்குகொண்ட பெருஞ்சோதனையில், தமொக்சிபென் பரவுந்தன்மையுள்ள மார்பகப் புற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தமை 1998 இல் வெளியாயிற்று. நொதியத்தை முடக்கும் குளிகைகளும் பின்னர் இவ்வாறு சோதிக்கப்பட்டன. நோய் வரும் வாய்ப்பு மிகுந்த, மாதவிடாய் நின்ற 4,560 மாதரைச் சீட்டுக் குலுக்குவதுபோற் பிரித்து, ஒரு சாராருக்கு எக்செமெஸ்தேனும் மறு சாராருக்கு வெறுங் குளிகையும் கொடுத்தனர். 2011 இல் வெளியான முடிவின்படி, மருந்துண்டோரில் 11 பேருக்கும் வெறுங் குளிகை உண்டோரில் 32 பேருக்கும் பரவும் புற்று உண்டாயிற்று. 2013 இல் வெளியான அனஸ்திரசோல் சோதனையில், 3,864 மாதருள் மருந்துண்டோர் 40 பேருக்கும் மற்றையோர் 85 பேருக்கும் நோய் கண்டது.

இவ்வெண்களை நாம் நிதானமாக நோக்குதல் வேண்டும். நோய் பாதியாகவும் அதற்கு மேலாகவும் குறைந்தது உண்மை. ஆயினும் வெறுங் குளிகை உண்டோருள்ளும் பெரும்பாலோருக்கு அச்சில ஆண்டுகளில் நோய் வரவில்லை. நலமாயிருக்கும் ஆயிரக்கணக்கானோர் மூட்டுவலியையும் எலும்புத் தேய்வையும் பொறுத்துக்கொண்டாலன்றிச் சிலரைக் காக்க இயலாது. ஆதலின் யாருக்கு வாய்ப்பு மிகுதி என்று தேர்ந்து கொடுப்பதே அறிவுடைமை.

காவற்படையின் மறுமலர்ச்சி

இரண்டாவது நெறி துயில் நீங்கியது 1975 ஆம் ஆண்டின் பின்னரே எனலாம். கேம்பிறிட்ஜில் ஜோர்ஜஸ் கோலர், சேசர் மில்ஸ்ரைன் ஆகியோர் ஒரே இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளை வேண்டியவாறு ஆக்கும் முறையை அவ்வாண்டிற் கண்டனர். 1987 இல் அமெரிக்கராகிய டெனிஸ் சிலேமன் முதலியோர், மார்பகப் புற்றுகளுட் சிலவற்றில் ஹேர்-2 என்னும் பரம்பரையலகு பலமடங்கு பெருகியிருப்பதையும், அத்தகைய நோய் கடுமையாயிருப்பதையும் காட்டினர். ஹேர்-2 புரதத்தைப் பற்றும் திரஸ்துசுமாப் என்னும் பிறபொருளெதிரி 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இம்மருந்திலேதான் இரு நெறிகளும் முதன்முதல் ஒன்றையொன்று தொட்டன. ஹேர்-2 வாங்கி தானே ஒரு நொதியமுமாகும். கலத்தை வளருமாறு ஏவும் சமிக்ஞையை அது உள்ளே அனுப்புகின்றது. திரஸ்துசுமாப் அச்சமிக்ஞையைத் தளர்த்துகின்றது. அதே வேளையில் காவற் கலங்களை அழைத்துவரும் கொடியாகவும் நிற்கின்றது. அக்கொடியைப் பற்றும் உறுப்பு இல்லாத எலிகளில் மருந்தின் ஆற்றல் பெரிதும் குன்றியதை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது.

பின்னர் அனஸ்திரசோலையும் திரஸ்துசுமாப்பையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். ஈஸ்திரசன் வாங்கியும் ஹேர்-2 மிகுதியும் ஒருங்கேயுடைய, நோய் பரவிய 207 மாதர் இச்சோதனையிற் பங்குகொண்டனர். நோய் மேலும் வளராதிருந்த காலம் தனி அனஸ்திரசோலால் 2.4 திங்களாகவும், இரண்டும் சேர்ந்தபோது 4.8 திங்களாகவும் இருந்ததென 2009 இல் அறிவித்தனர். காலம் இரட்டித்தது, ஆனால் வாழ்நாள் நீண்டதென்று உறுதியாகக் கூற அச்சோதனை இடந்தரவில்லை. இணைப்பிற் பயனுண்டு, ஆனால் அது அளவோடமைந்த பயனே என்பதை இது முதலிற் கற்பித்தது.

இதற்கிடையில், காவற் கலங்களை அடக்கிவைக்கும் தடைகளும் உடலில் உண்டென்று தெரியவந்தது. ஜப்பானியராகிய தசுக்கு ஹொன்ஜோ 1992 இல் அத்தகைய தடைப்புரதம் ஒன்றைக் கண்டார். அமெரிக்கராகிய ஜேம்ஸ் அலிசன் 1996 இல் வேறொரு தடையை நீக்கி எலிகளின் புற்றை அழித்துக் காட்டினார். இருவரும் 2018 இல் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஈஸ்திரசன் வாங்கியோ ஹேர்-2 மிகுதியோ இல்லாத மார்பகப் புற்று, முன்கூறிய மருந்துகள் எவற்றுக்கும் அடங்காதது. அத்தகைய நோயாளர் 1,174 பேரிடையே, வழமையான மருந்துகளோடு தடைநீக்கியாகிய பெம்புறோலிசுமாப்பும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளின் பின் உயிரோடிருந்தோர், அது பெற்றோரில் நூற்றுக்கு 86.6, பெறாதோரில் 81.7. கோலி கனவு கண்டது ஓரளவு நனவாயிற்று. ஆனால் தடை நீங்கிய படை சிலவேளை சொந்த உடலின் சுரப்பிகளையே தாக்கி நிலையான ஊறு விளைப்பதும் உண்டு.

இணைப்பின் பாடங்கள்

இன்று முடக்கப்படும் நொதியம் அரோமற்றேசு மட்டுமன்று. கலங்களின் பரம்பரைப் பொருளிலேற்படும் சிதைவைச் செப்பனிடும் பார்ப் என்னும் நொதியமும் அவற்றுள் ஒன்று. அதனை முடக்கும் ஒலாபாரிப், மரபுவழிக் குறைபாட்டால் உண்டாகும் சில மார்பகப் புற்றுகளுக்கு 2018 இல் அனுமதிக்கப்பட்டது. செப்பனிடப்படாத சிதைவு காவற்படையை விழிப்பிக்கும் என்று கருதி, ஒலாபாரிப்போடு தடைநீக்கி மருந்தைச் சேர்த்தனர். 2020 இல் வெளியான ஒரு சிறு சோதனையில், 30 நோயாளருள் 24 பேருக்கு 12 வாரமளவில் நோய் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் அங்கே ஒப்பிடுதற்கு மற்றொரு சாரார் இல்லை. வேறு வகை நோயாளரிடையே, ஒப்பீட்டோடு நடந்த பிறிதொரு பெருஞ்சோதனையிலோ, இவ்வகை இணைப்பு வழமையான மருந்தினும் சிறந்ததென்று நிறுவப்படவில்லை.

கலம் பிரிவதற்கு வேண்டிய வேறு நொதியங்களை முடக்கும் மருந்துகளின் கதையும் இத்தகையதே. அவை காவற்படைக்கும் ஊக்கமளிக்கின்றன என்று 2017 இல் எலிகளிற் கண்டபோது பெருநம்பிக்கை பிறந்தது. மனிதரில் அவற்றைத் தடைநீக்கிகளோடு சேர்த்தபோது ஈரலும் சுவாசப்பையும் கெட்ட நிகழ்ச்சிகள் நேர்ந்து அம்முயற்சி தடைப்பட்டது. இரண்டு நன்மைகளைக் கூட்டினாற் பெருநன்மை வருமென்பது கணிதத்திற்குப் பொருந்தும். உடலுக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

வருமுன் காக்கும் துறையில் ஒரு முயற்சி நம் கருத்தைக் கவர்கின்றது. பாற் புரதங்களுள் ஒன்றாகிய அல்பா லக்ரல்புமின், பாற்சர்க்கரையை ஆக்கும் நொதியத்தின் ஓர் உறுப்பாகும். பாலூட்டும் காலத்திலேயே மார்பு அதனை ஆக்கும்; ஆனால் சில புற்றுகளும் அதனை ஆக்குகின்றன. அதனைப் பகையென்று காவற்படைக்குக் கற்பிக்கும் தடுப்பூசியை அமெரிக்க அறிஞர் வின்சன்ற் துவோகி எலிகளிற் சோதித்து 2010 இல் அறிவித்தார். மனிதரில் முதற்கட்டச் சோதனை 2021 இல் தொடங்கியது. 2023 இல் அவர் காலமானார். பால் சுரப்பை ஆராயப் புகுந்த பீற்சன் புற்றுநோய்க்கு வழி கண்டார். நூறாண்டுகள் கடந்து ஆராய்ச்சி மீண்டும் பாலின் வாயிலிலே வந்து நிற்கின்றது. இத்தடுப்பூசி பலிக்குமா என்பதைப் பெருஞ்சோதனைகளே கூறவேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றில் அறிஞரின் பெயர்களை நாம் கூறினோம். பெயர் கூறப்படாத பல்லாயிரம் மாதரோ, தமக்குக் கிடைப்பது மருந்தா வெறுங் குளிகையா என்று அறியாமலே தம் உடலை ஆராய்ச்சிக்கு அளித்தனர். அவர்களுடைய கொடை இல்லையேல், பலித்ததையும் பலியாததையும் பிரித்தறிந்திருக்க முடியாது. ஒரு மருந்தைப் பற்றிய மகிழ்ச்சிச் செய்தி காதில் விழும்போது, எத்தனை பேரிற் சோதிக்கப்பட்டது, எதனோடு ஒப்பிடப்பட்டது, வாழ்நாள் நீண்டதா என்று மூன்று வினாக்களைக் கேட்பதே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றி.

ஈற்றில் ஒன்று. இலங்கை மாதருக்கு உண்டாகும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றே. இங்கு கூறிய மருந்துகள் எவையாயினும், நோயைக் காலத்தோடு காணும்போதே அவற்றின் பயன் மிகுதி. ஆனால் மார்பிலே கட்டியொன்று தோன்றினால் அதனைத் தாயிடமும் கூறாது மறைக்கும் நாணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது. 1996 முதல் நமது நாட்டில் நடைபெற்றுவரும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் மார்பகப் பரிசோதனையும் செய்யப்படுகின்றது. நம் அன்னையரையும் மூத்த சகோதரிகளையும் அங்கு அனுப்பிவைத்தல் நம் கடமையாகும். புதுமருந்துகள் காலப்போக்கில் வரும். சில பலிக்கும், சில பலியா. நாணத்தை நீக்குதலோ இன்றைக்கே நம்மால் இயல்வது. அத்தொண்டினை நம் சங்கத்து இளைஞர் தத்தம் வீட்டிலிருந்தே தொடங்குவாராக.